இரண்டாவது மழைக்கும் வருகிறவர்கள்

வால்பாறை மலையில் காட்டுயிர்களின் வாழிடத்தைப் பராமரிக்க உள்ளூர் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கும் சான்றிதழ் படிப்பு ஒன்று எங்கள் கல்லூரியில் நடக்கிறது. கல்லூரி அடிவாரத்தில் இருக்கிறது. இந்தப் படிப்பின் வகுப்புகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேல். நான் தாவரவியல் ஆசிரியை. செடி, மரம், நாற்றங்கால் எல்லாம் என் பொறுப்பு. படிப்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எத்தனை பேர் முடித்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முடித்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மழைக்கும், அதற்கடுத்த மழைக்கும் அதே ஓடைக்கரைக்குத் திரும்பி வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் வால்பாறைப் பீடபூமி சுமார் 220 சதுர கிலோமீட்டர். பெரும்பாலும் தேயிலை. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். மேற்கே கேரள எல்லை ஊரான மளுக்கப்பாறையைத் தாண்டினால் வாழச்சால் காடு. நூறு வருடங்களுக்கு மேலாகத் தேயிலைக்கும் காப்பிக்கும் ஏலத்துக்கும் காட்டை வெட்டியதில், மிஞ்சியவை எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் சோலைகள். சிலவற்றின் பரப்பு பத்து ஏக்கர்தான் இருக்கும். அந்தத் துண்டுகளில் சோலைமந்தி என்ற சிங்கவால் குரங்கு வாழ்கிறது, இருவாட்சிப் பறவை வந்து பழம் தின்கிறது, யானை பகலில் ஒதுங்குகிறது. இவற்றில் பல வனத்துறை நிலத்தில் இல்லை, எஸ்டேட் நிலத்தில் இருக்கின்றன. ஆக, அவற்றின் நாளைய நிலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் கையிலும், அவர்களுக்கு வேலை கொடுக்கும் நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது.

ஆனால் லைன் வீடுகள் காலியாகிக்கொண்டு வருகின்றன. 2001 கணக்கெடுப்பில் வால்பாறை நகராட்சியில் ஏறக்குறைய 95 ஆயிரம் பேர். 2011-ல் அது 71 ஆயிரத்துக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். நானும் லைன் வீட்டில் பிறந்து படிப்புக்காக இறங்கியவள்தான். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. என் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், அதையும் நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் மூன்றாவது வருடம் முடிந்ததும் அவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருப்பார்களா என்பது தெரியாது. ஒரு ஓடைக்கரையில் நட்ட நாங்கு மரக் கன்று இடுப்பளவு வளரவே அதைவிட அதிக காலம் பிடிக்கும். அதனால்தான் படிப்பைக் கல்லூரிக்கு வெளியே இருப்பவர்களுக்கும் திறந்துவிட்டோம். பட்டம் வேண்டாம், வயது வரம்பு இல்லை, எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கொழுந்து பறிக்கிறவர்கள், பாக்டரி ஆட்கள், ஜீப் ஓட்டுநர்கள், ஓய்வு பெற்ற சூப்பர்வைசர்கள் வந்தார்கள். மலையில் தங்கப்போகிறவர்கள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. அங்கே இயற்கைத் தன்னார்வலராகச் சான்று பெற 40 மணி நேரம் பயிற்சி, 40 மணி நேரம் சேவை, அதற்கு மேல் 8 மணி நேரம் கூடுதல் பயிற்சி. பல்கலைக்கழக விரிவாக்கத் துறையும் மாநில வனவிலங்குத் துறையும் சேர்ந்து நடத்துகின்றன. படிப்பின் அளவுக்குச் சமமாக வேலையும் இருக்க வேண்டும் என்ற கணக்கு எனக்குப் பிடித்திருந்தது, அதை எடுத்துக்கொண்டோம். ஆனால் சேவை நேரத்தை மணிக்கணக்கில் கூட்டி முடிப்பது இந்த மலைக்கு ஒத்துவராது. இங்கே வேலையின் அளவுகோல் மழைக்காலம்.

முதல் வகுப்பில் நாங்கள் விலங்குகளின் படம் காட்டுவதில்லை. வாழிடம் என்றால் நான்கு விஷயம்: உணவு, நீர், மறைவிடம், குட்டி வளர்க்க இடம். இந்த நான்கையும் சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு ஓடையோரமாகக் கூட்டிப்போகிறோம். யாருக்கு எது இங்கே கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை, அவ்வளவுதான் கேள்வி. உணவும் நீரும் எல்லாருக்கும் உடனே கண்ணில் படும். மறைவிடம்தான் தாமதமாகத் தெரியும். ஒரு தடவை இப்படிப் போனபோது, கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் ஓடைக்கரையில் அடர்ந்து நின்ற புதரைக் காட்டி, "பகல் முழுக்க அது இதுக்குள்ளதான் நிக்கும் டீச்சர். வெயில் தாழ்ந்தாத்தான் மேல ஏறும். அதனாலதான் நாங்க இந்தப் பக்கம் சாயந்தரம் விறகுக்கு வரமாட்டோம்" என்றார். யானையைத்தான் சொன்னார். வால்பாறையில் யானைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் எழுதியதும் இதேதான்: தேயிலைக்கு நடுவே யானைகள் பகலில் ஒதுங்குவது சோலைத் துண்டுகளிலும் ஆற்றோர மரஞ்செடிகளிலும்தான். ஆற்றங்கரைப் பசுமை இல்லாமல் போனால் யானை இல்லாமல் போகாது. அது பகலிலும் லைன் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும்.

இந்த இடத்தில் எச்சரிக்கை ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பயிற்சியில் நேரடியாக உயிர் காக்கும் பகுதி அது. வால்பாறையில் யானையால் நடந்த மரணங்களில் பெரும்பாலானவை, யானை அருகில் இருப்பது தெரியாமல் எதிரே போய்விட்டதால் நடந்தவை. இருட்டு, பனி, தேயிலை வரப்பில் ஒற்றையடிப் பாதை, பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரம். இதற்காக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றும் வனத்துறையும் சேர்ந்து குறுஞ்செய்தியும் கைபேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்குகளும் கொண்டுவந்தார்கள். யானை எங்கே இருக்கிறது என்று சாயந்தரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். விளக்கை எரியவைப்பவர்களில் உள்ளூர் ஆட்களும் உண்டு. எங்கள் படிப்பில் அதை ஒரு முழு வகுப்பாக வைத்திருக்கிறோம்: யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்த எஸ்டேட், எந்தத் தேயிலைப் பகுதி (பீல்டு நம்பர்) என்று எப்படிச் சொல்ல வேண்டும், யானையின் பக்கத்தில் கூட்டம் கூடினால் என்ன செய்ய வேண்டும். வாழிடத்தைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு தாயிடம் கேட்பதற்கு முன், அவள் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து பத்திரமாக வீடு வந்து சேர வழி செய்ய வேண்டும். அந்த வரிசையை மாற்றினால் யாரும் வகுப்புக்கு வரமாட்டார்கள், வராததும் நியாயம்தான்.

சரி, செடிக்கு வருகிறேன்.

தன்னார்வலர்களுக்கு முதலில் கை பரபரப்பது லாண்டனா எனப்படும் உண்ணிச்செடியை வெட்டத்தான். அழகுச்செடியாக 1800-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்தது, இன்று புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் படர்ந்திருக்கிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. எல்லாருக்கும் கோபம் வரும்படியான செடிதான். ஆனால் இரண்டு விஷயம் தெரியாமல் அதில் கத்தி வைக்கக் கூடாது. ஒன்று, தண்டை வெட்டினால் அது சாகாது; அடியிலிருந்து முன்னைவிட அதிகமாகத் துளிர்க்கும். தில்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர். பாபு உருவாக்கிய முறை இதற்கு உதவுகிறது: மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிடுவது. வேர் மறுபடி மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். அப்புறம் பழம் தின்னும் பறவைகள் உட்காரும் மரங்களின் அடியில் முளைக்கும் உண்ணிக் கன்றுகளை வருடா வருடம் பிடுங்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் பெரும்பாலான நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன. வெட்டுகிற நாளில் பேனரும் போட்டோவும் இருக்கும். பிடுங்குகிற நாளில் குனிந்த முதுகும் அட்டைக்கடியும்தான்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நான் மேலே சொன்ன யானை நின்ற புதர் இருக்கிறதே, அதில் பாதிக்கு மேல் உண்ணிச்செடிதான். ஒரே மாதத்தில் ஓடையோரம் முழுக்க வெட்டி வழித்துவிட்டால், நாம் ஒரு அந்நியச் செடியை ஒழித்திருப்போம், கூடவே ஒரு மறைவிடத்தையும் ஒழித்திருப்போம். அதனால் பட்டை பட்டையாகத்தான் எடுக்கிறோம். ஒரு பட்டையில் நட்ட கன்று ஆளுயரம் வந்த பிறகு பக்கத்துப் பட்டை. மெதுவாக நடக்கும். மெதுவாகத்தான் நடக்க வேண்டும். இதைப் புரியவைக்க வகுப்பில் எனக்கு அதிக நேரம் ஆனது படித்த ஆட்களிடம்தான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் ஊறியவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். ஒரே வருடத்தில் எஸ்டேட் முழுவதையும் கவ்வாத்துச் செய்துவிட்டால் கொழுந்துக்கு எங்கே போவது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சோலைத் துண்டுகளுக்குள் உண்ணியைவிடத் தந்திரமானது ரொபஸ்டா காப்பி. மரநாய் காப்பிப் பழத்தைத் தின்று விதையைச் சோலைக்குள் போடுகிறது. நிழலிலும் முளைக்கக்கூடிய செடி என்பதால் உள்ளே நுழைந்துவிட்டால் தரைமட்டத்தில் வேறு கன்றுகளுக்கு இடம் கொடுக்காது. வெளியிலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்று நல்ல சோலையாகத் தெரியும். உள்ளே குனிந்து பார்த்தால் அடுத்த தலைமுறை மரமே இருக்காது. மரங்களை அண்ணாந்து பார்க்கிற பழக்கத்தை விட்டு, முழங்காலுக்குக் கீழே என்ன முளைக்கிறது என்று எண்ணப் பழக்குவதுதான் என் பகுதியின் மையம். பத்தடிக்குப் பத்தடி கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் கன்றுகளை இனம் பிரித்து எண்ணுவார்கள். எழுதத் தெரியாதவர்கள் வெவ்வேறு விதைகளைக் கொட்டாங்குச்சியில் போட்டு எண்ணுவார்கள். கணக்கு பிசகுவதில்லை.

நாற்றங்காலுக்கு விதை எங்கிருந்து எடுப்பது? தார் ரோட்டிலும் ரோட்டோரத்திலும் விழுந்து வண்டிச்சக்கரத்தில் நசுங்கப்போகிற விதைகளைத்தான் பொறுக்குகிறோம். சோலைக்குள் விழுந்தது சோலைக்கு. மழைக்காட்டு மரங்களில் பலவற்றின் விதை, நெல்லையும் உளுந்தையும் போலச் சேமித்து வைக்கக்கூடியது இல்லை, காய்ந்தால் செத்துவிடும். பொறுக்கிய சில நாட்களுக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும். வெடிப்பலா, கருங்குங்கிலியம், ஆயினி, நாவல் வகைகள், அத்தி வகைகள் என்று பைகளில் வளர்க்கிறோம். இவற்றில் எதை வெயிலில் நடலாம், எதை நிழலில்தான் நட வேண்டும் என்பது அடுத்த பாடம். மொட்டை இடத்தில் நேராக வெடிப்பலாவை நட்டால் வெயிலில் கருகும். முதலில் வட்டக்கண்ணி மாதிரி வேகமாக வளர்கிற மரங்கள் நிழல் கொடுக்க வேண்டும், அவற்றின் கீழேதான் மற்றவை வரும். சோலைமந்திக்கு உணவாக வெடிப்பலா எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தவர்களுக்கு அதையே எல்லா இடத்திலும் நடத் தோன்றும். பொறுத்திருக்கத்தான் வேண்டும்.

மரம் நடக் கூடாத இடமும் உண்டு. அக்காமலைப் பக்கம் உயரத்தில் இருக்கும் புல்வெளிகள் இரவிகுளம் வரை தொடர்கின்றன. அது வரையாட்டின் வீடு. அங்கே கன்று நடுவது வரையாட்டின் தட்டில் மண் போடுவது. மரம் நடும் விழா என்றாலே புண்ணியம் என்று ஊறிப்போயிருக்கிறோம், அதனால் இதை ஒவ்வொரு அணிக்கும் அழுத்திச் சொல்கிறேன்.

புதுத்தோட்டம் சோலையைப் பற்றித் தமிழ்நாட்டில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான துண்டு, அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு. மரத்தைவிட்டு இறங்கவே தயங்கும் அந்தக் குரங்கு இங்கே ரோட்டுக்கும் வீட்டுக்கூரைக்கும் வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகள் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறார்கள், வண்டியில் அடிபட்டுச் சாகிறது. இங்கே தன்னார்வலர் செய்யக்கூடியது என்ன? குரங்கைத் துரத்துவது இல்லை. ரோட்டின் இருபக்கமும் கிளை தொடுகிற மரங்களை வெட்டாமல் பார்த்துக்கொள்வது, தொடாத இடத்தில் கட்டிய கயிற்றுப் பாலம் அறுந்திருந்தால் தெரிவிப்பது, வண்டியை நிறுத்தித் தீனி போடுகிறவரிடம் கோபப்படாமல் பேசுவது. மூன்றாவது மிகக் கடினம். அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறோம். எங்கள் அணியிலிருக்கும் ஜீப் ஓட்டுநர் அண்ணா ஒருவர் இதில் கில்லாடி. "சார், பிள்ளைங்க இருக்காங்க, அது கடிச்சா ஊசி போட பொள்ளாச்சிக்கு இறங்கணும்" என்று அவர் சொன்னால் போதும், கார் கண்ணாடி மேலே ஏறிவிடும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததை நான் எல்லா வகுப்பிலும் சொல்வேன். வாழச்சாலில் 2000-களின் நடுப்பகுதியிலிருந்து காடர் பழங்குடி மக்கள் இருவாட்சிக் கூடுகளைக் கண்காணித்து வருகிறார்கள். பெட்டை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீற்று இடைவெளி வழியாக ஆண் மாதக்கணக்கில் பழம் கொண்டுவந்து ஊட்டும். அந்தச் சமயத்தில் ஆணுக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருப்பவற்றின் கதி மோசம். எந்த மரத்தில் கூடு, எந்த வாரம் அடைத்தது, குஞ்சு எப்போது வெளியே வந்தது என்று இன்று குறிக்கிறவர்களில், முன்பு தேனுக்கும் குஞ்சுக்கும் மரம் ஏறியவர்களும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்யும் முறையைக் கொடுத்தார்கள். கூடு எங்கே என்ற அறிவு காடர்களுடையது. 2014-ல் வாழச்சாலின் ஒன்பது காடர் ஊர்களுக்கு வன உரிமைச் சட்டப்படி, காட்டைச் சமூகமாகச் சேர்ந்து பயன்படுத்தவும் பாதுகாக்கவும் சமூக வன உரிமையும் கிடைத்தது. பொறுப்பும் உரிமையும் சேர்ந்து வந்தால்தான் ஒரு வேலை நிலைக்கும் என்று நான் நம்புவதற்கு அந்தக் காடு காரணம்.

எங்கள் தன்னார்வலர்களுக்கு அந்த உரிமை கிடையாது. லைன் வீடே வேலை இருக்கும்வரைதான். அவர்கள் பராமரிக்கும் ஓடைக்கரை எஸ்டேட்டுக்குச் சொந்தம் அல்லது குத்தகை. நிர்வாகம் ஒப்புக்கொள்ளாமல் ஒரு கன்றும் நட முடியாது. மேலாளர்களுக்கும் ஒரு பயம் உண்டு, அதை நான் சாக்கு என்று தள்ள மாட்டேன். தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் 1949-லிருந்து இருக்கிறது, மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. இன்று நட அனுமதித்தால் நாளை அந்த இடத்தில் எங்களுக்கே கை வைக்க முடியாமல் போகுமோ என்று யோசிக்கிறார்கள். அதனால் தேயிலைக்கு ஆகாத இடங்களை மட்டும் கேட்கிறோம்: ஓடையின் இரு கரை, சதுப்பு, நெட்டுக்குத்தான சரிவு. அந்த இடங்கள்தான் காட்டுயிருக்கும் அதிகம் வேண்டியவை. இதில் இரு தரப்பும் ஒத்துப்போனது எங்கள் அதிர்ஷ்டம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். தன்னார்வம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாள்கூலிக்காரரிடம் இலவசமாக வேலை வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் கிடைக்கும் ஒரே நாள். அதைக் கொடுக்கிறார்கள் என்றால் பஸ் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. வேலை நாளில் கூப்பிட்டால் அந்த நாளின் கூலி முழுவதும் தரவேண்டும். வசதியானவர்கள் இயற்கையை நேசிக்க ஏழைகள் குனிந்து களை பிடுங்கும் ஏற்பாடாக இது மாறிவிடக் கூடாது. நாற்றங்காலில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் உண்டு. மற்ற எஸ்டேட்டுகள் கன்று வாங்கும்போது வரும் பணம் அதற்கே போகிறது.

அப்புறம் சான்றிதழ். வகுப்புகள் முடிந்ததும் நாங்கள் கொடுப்பது கலந்துகொண்டதற்கான தாள் மட்டும். முழுச் சான்றிதழ் இரண்டாவது தென்மேற்குப் பருவமழை முடிந்த பிறகு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சிறு துண்டு நிலத்தை எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ஜூனில் நடுவது. மழை விட்டதும் பிழைத்தவற்றை எண்ணுவது. கடமான் கடித்ததையும் களை மூடியதையும் அழுகியதையும் தனித்தனியாகக் குறிப்பது. அடுத்த ஜூனில் செத்த இடத்தில் மறுபடி நடுவது, முதல் வருடம் தப்பாகத் தேர்ந்தெடுத்த இனத்தை மாற்றுவது. பாதிக்கு மேல் செத்துப்போன நிலத்தை வைத்திருந்தவர்களும் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஏன் செத்தது என்று அவர்களால் சொல்ல முடிந்தது, அதுதான் தேர்வு.

இதில் கல்லூரியின் நடைமுறைதான் எங்களுக்கு இடறுகிறது. சான்றிதழ் படிப்பு என்றால் ஒரு செமஸ்டர் பருவத்தில் மதிப்பெண் போட்டு முடிக்க வேண்டும் என்பது வழக்கம். மரத்துக்கு அந்தப் பருவம் தெரியாது. இரண்டு வருடத்துக்கு அனுமதி கேட்டுக் கல்விக்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். கிடைக்கும்வரை முதல் தாளைக் கல்லூரி முத்திரையோடும் இரண்டாவது தாளைத் துறையின் கையெழுத்தோடும் கொடுத்துச் சமாளிக்கிறோம்.

மளுக்கப்பாறையில் தமிழ் பேசும் எஸ்டேட் குடும்பங்கள் தங்கள் பக்கமும் ஒரு அணி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அங்கே வனத்துறை வேறு, அனுமதி வேறு, ஆனால் மரங்கள் இவைதான், யானைகளும் இவைதான். அங்கிருந்து வந்து கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த ஜூனிலிருந்து இடம் ஒதுக்கியிருக்கிறோம். இந்தத் தடவை கூடுதலாக வேண்டியவர்கள் பஸ், ஜீப் ஓட்டுநர்களும் ரேஷன் கடை ஊழியர்களும். யானை அரிசிக்காக முதலில் உடைப்பது ரேஷன் கடைக் கதவைத்தான், ராத்திரியில் யானையை முதலில் பார்ப்பது கடைசி பஸ் ஓட்டுநர்தான். வால்பாறை, சோலையாறு, மளுக்கப்பாறைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். படிப்புச் சான்றோ அடையாள அட்டை நகலோ கொண்டுவர வேண்டாம். ஞாயிறு காலை வரவேண்டும், இரண்டு மழைக்கு மலையில் இருப்பார்களா என்று மட்டும் கேட்போம்.